கேள்வி பதில்: உட்காரும் உரிமை

கேள்வி: பிரெஞ்சு அரசவையில் டியூக்கின் மனைவிக்கு இருந்த தனிச்சலுகை என்ன?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: உட்காரும் உரிமைதான். வெர்சாய் அரண்மனையில், அரசியின் முன்னிலையில், சாய்மானமோ கைப்பிடியோ இல்லாத ‘தபூரே’ என்னும் மெத்தை ஸ்டூலில் அமரும் தகுதி, அரச குடும்பத்துப் பெண்களை அடுத்து, டச்சஸ் எனப்பட்ட இவர்களுக்கே முக்கியமாக உண்டு. அவர்களுக்குக் கீழ்ப்பட்ட மார்க்கீஸ், கவுண்டெஸ் ஆகியோர் பட்டாடை கனக்க, கால் கடுக்க நிற்க வேண்டியதுதான். நம் நாட்டில் டத்தோவின் மனைவி டத்தின் ஆவதைப் போல, அங்கும் பட்டம் பெரும்பாலும் கணவர் வழியாகவே வந்தது. (நல்லவேளையாக, இங்கே விருந்துகளில் எல்லாருக்கும் நாற்காலி கிடைக்கிறது.) பதினைந்தாம் லூயி மன்னரின் காதலியாக 1745இல் அவையில் அறிமுகமான மதாம் தெ பொம்பதூர்கூட, அந்த ஸ்டூலுக்காக 1752 வரை காத்திருந்தார்.