சுருட்டிய எக்ஸ்டென்ஷன் கோட் ஏன் சூடாகிறது?

எக்ஸ்டென்ஷன் கோட் என்பது சுவர் பிளக்கைத் தூரத்துக்கு நீட்டித் தரும் வயர். மின்சாரம் ஓடினால் எந்தச் செம்புக் கம்பியும் கொஞ்சம் சூடாகும். ஓடும் மின்சாரத்தின் அளவு, அதாவது அம்பியர், இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. விரித்த வயரில் அது காற்றோடு போய்விடும். சுருளில் போக வழியில்லை. சுட்ட ரொட்டியை அடுக்கி மூடினால் நடுவில் இருப்பது ஆறாதல்லவா, அப்படித்தான். உள்சுற்றில் பிளாஸ்டிக் உறை இளகி, கம்பிகள் தொட்டுக்கொண்டால் தீப்பற்றும்.

230 வோல்ட்டில் 2000 வாட் கேத்தல் ஒன்றே ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் 6 அம்பியர்தான் தாங்கும். பிளக்குக்குள் இருக்கும் 13 அம்பியர் பியூஸ் இதற்கு எரியாது! வயர் உறையில் அச்சிட்ட அளவைப் பார்த்தே வாங்குங்கள். கேத்தல், அயன் இரண்டையும் நேரே சுவரில் செருகுவதே நல்லது.

எடுத்து வைக்கும்போது முழங்கையில் இறுக்கிச் சுற்றாமல், ஓரடி அகல வளையமாகத் தளர்வாகச் சுற்றுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றில் பித்தளைப் பின்கள் பச்சை பூக்கும். தொடுகை கெட்டு அங்கேயும் சூடேறும். பின்களின் அடியில் பழுப்புக் கறை தெரிந்தால் அந்தக் கோட்டை வீசிவிடுங்கள்.

“ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே” என்று பலர் நம்புகிறார்கள். அது மின்கசிவைத்தான் கண்டுபிடிக்கும். வயர் சூடாவது அதற்குத் தெரியாது.