அரங்கம் காலியாகக் கிடக்கும் ஐஸ் ஹாக்கி அணிகளைக் கனடாவுக்கு மாற்றிவிட்டால் என்ன?

அமெரிக்காவின் பாலைவன மாநிலங்களிலும் தென் மாநிலங்களிலும் பாதி காலியான அரங்குகளில் ஆடும் அணிகளை, ஹாக்கிக்காக ஏங்கிக் கிடக்கும் கனடிய நகரங்களுக்குக் கொண்டுபோனால் பிரச்சினை தீர்ந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கூட்டம் வராததால் அணிகள் ஊர் மாறுகின்றன என்ற அதன் அடிப்படையை நான் ஏற்கவில்லை. வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இல் 1990-களுக்குப் பிறகு இடம்பெயர்ந்த அணிகளின் கதைகளைப் பார்த்தால், நல்ல குத்தகையில் ஓர் அரங்கமோ, நட்டத்தைத் தாங்கும் மனமுள்ள ஓர் உரிமையாளரோ இல்லாமல் போனபோதுதான் அணி கிளம்பியிருக்கிறது. இவ்விரண்டும் இருந்த இடங்களில், காலி இருக்கைகளோடு பத்தாண்டுகள் கழிந்தும் அணி அசையவில்லை.

முதலில் பணக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணி ஒரு சீசனில் தன் சொந்த அரங்கில் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட லீக் ஆட்டங்கள் ஆடுகிறது. அமெரிக்கக் கால்பந்து லீகுக்குத் தொலைக்காட்சி உரிமைகளிலிருந்து ஆண்டுக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் வருகிறது. ஐஸ் ஹாக்கிக்கு அமெரிக்காவில் 2021-இல் தொடங்கிய ஒப்பந்தங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 62.5 கோடி டாலர்தான் தருகின்றன. ஆகவே டிக்கெட், வாகன நிறுத்தம், சிற்றுண்டி, நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கும் தனி அறைகள் ஆகியவற்றின் வருமானம் ஹாக்கி அணிக்கு மற்ற விளையாட்டுகளைவிட முக்கியமானது. இந்த வருமானத்தில் எவ்வளவு அணிக்கு, எவ்வளவு அரங்க உரிமையாளருக்கு என்பதைக் குத்தகை தீர்மானிக்கிறது. மேலும், செய்திகளில் வரும் பார்வையாளர் எண்ணிக்கை பொதுவாக விற்கப்பட்ட, வழங்கப்பட்ட டிக்கெட்டுகளின் கணக்கே ஒழிய வாசலைக் கடந்து உள்ளே வந்த ஆட்களின் கணக்கு அன்று. இலவச டிக்கெட்டுகளும் அதில் சேரும். பதினான்காயிரம் என்று அறிவிக்கப்பட்ட ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரிவது எட்டாயிரம் பேராக இருக்கலாம்.

இனி அரிசோனா கயோட்டீஸ் அணியை எடுத்துக்கொள்வோம். நான் சில ஆண்டுகள் ஃபீனிக்ஸுக்குத் தென்கிழக்கே சாண்ட்லரில் வேலை பார்த்தவன் என்பதால் இந்த அணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல முடியும். வின்னிபெக் ஜெட்ஸ் என்ற பெயரில் கனடாவில் இருந்த அணி 1996-இல் ஃபீனிக்ஸுக்கு வந்தது. நகர மையத்தில் அதற்குக் கிடைத்த இடம் கூடைப்பந்துக்காகக் கட்டப்பட்ட அரங்கம். ஐஸ் ஹாக்கித் தளம் கூடைப்பந்துத் தளத்தைவிட மிக நீளமானது. அதனால் ஒரு முனையில் ஆயிரக்கணக்கான இருக்கைகளிலிருந்து கோல் வலையைச் சரியாகப் பார்க்கவே முடியவில்லை. சொந்த அரங்கத்துக்காக ஸ்காட்ஸ்டேலில் பழைய வணிக வளாகம் ஒன்று இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வசதி படைத்தவர்களும் வாடிக்கையாக டிக்கெட் வாங்குபவர்களும் வாழும் கிழக்குப் பக்கம் அது. அந்தத் திட்டம் கைகூடாமல், அரங்கம் மேற்குக் கோடியில் உள்ள க்ளெண்டேலுக்குப் போய் 2003 டிசம்பரில் திறக்கப்பட்டது.

வரைபடத்தில் பார்ப்பவர்களுக்கு இது சிறிய மாற்றமாகத் தெரியும். வேலை நாளில் மாலை ஏழு மணி ஆட்டத்துக்கு சாண்ட்லரிலிருந்து க்ளெண்டேலுக்குக் காரோட்டியவர்களுக்குத்தான் அதன் பொருள் புரியும். அலுவலகம் விடும் நேரத்தில், ஊரின் மொத்த அகலத்தையும் நெடுஞ்சாலையில் கடக்க வேண்டும். ஒரு மணி நேரம் எளிதில் கரைந்துவிடும். ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்போது பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பின்னிருக்கையில் தூங்கியிருப்பார்கள். சனிக்கிழமைகளில் ஓரளவு நிறைந்த அரங்கம் செவ்வாய்க்கிழமைகளில் வெறிச்சோடியதற்கு, பாலைவனத்து மக்களுக்கு ஐஸ் ஹாக்கி பிடிக்காது என்பதைவிட இதுவே நேர்மையான விளக்கம். இத்தனைக்கும் ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்து, இந்த அணியைப் பார்த்து ஹாக்கி பழகிய ஆஸ்டன் மாத்யூஸ் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2016 வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டார். அந்த ஊரில் ஹாக்கிக்கு வேர் பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் அவருக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

நட்டம் தாங்காமல் 2009 மே மாதத்தில் அப்போதைய உரிமையாளர் ஜெரி மோயெஸ் அணியைத் திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். பிளாக்பெரி கைப்பேசி நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவரான ஜிம் பால்சிலி 21.25 கோடி டாலருக்கு அணியை வாங்கிக் கனடாவின் ஹாமில்டன் நகருக்குக் கொண்டுபோக முன்வந்தார். நீங்கள் சொல்லும் தீர்வு அப்படியே மேசையில் இருந்தது. லீக் அதை எதிர்த்து வாதாடியது. நீதிபதி அந்த விற்பனையை ஏற்கவில்லை. இறுதியில் லீகே ஏறத்தாழ 14 கோடி டாலருக்கு அணியை வாங்கி 2013 வரை நடத்தியது. ஓர் அணி எந்த ஊரில் ஆடுவது என்பதைத் திவால் நீதிமன்றம் முடிவு செய்ய விட்டால், நாளை எந்த உரிமையாளரும் அதே வழியில் லீகின் ஒப்புதலைத் தாண்டிவிடலாம் என்ற அச்சம் லீக் நிர்வாகத்துக்கு இருந்தது. அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சிச் சந்தைகளில் ஒன்றை இழக்கவும் லீகின் ஆணையர் கேரி பெட்மன் தயாராக இல்லை. லீகின் நட்டத்தை ஈடுகட்ட க்ளெண்டேல் நகராட்சி இரண்டு சீசன்களுக்கு ஆண்டுதோறும் 2.5 கோடி டாலர் கொடுத்தது. நகராட்சிக்கு நூலகமும் தீயணைப்பு நிலையமும் நடத்தும் பொறுப்பு இருக்கும்போது இது எவ்வளவு பெரிய பாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஊரின் பொறுமை தீர்ந்ததில் எனக்கு வியப்பில்லை. 2013-இல் வந்த புதிய உரிமையாளர்களுக்கு அரங்கத்தை நிர்வகிக்கும் கட்டணமாக ஆண்டுக்கு 1.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்ட நகர மன்றம், 2015-இல் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யத் தீர்மானித்தது. அதன்பின் குறுகிய காலக் குத்தகைகளிலேயே அணி காலம் தள்ளியது. 2022-க்கு மேல் குத்தகையைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2021 ஆகஸ்டில் நகராட்சி கைகழுவிவிட்டது. அணி டெம்பியில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாணவர் அணிக்காகக் கட்டியிருந்த புதிய அரங்கத்துக்குக் குடிபோனது. ஏறத்தாழ 4,600 இருக்கைகள் கொண்ட அது, உலகின் முதன்மையான ஹாக்கி லீகுக்குக் கல்யாண மண்டப அளவுதான். நான் அங்கும் போயிருக்கிறேன். டிக்கெட் விலை க்ளெண்டேலில் கொடுத்ததைவிடப் பல மடங்கு அதிகம், இருந்தும் இருக்கைகள் நிறைந்தே இருந்தன. டெம்பியிலேயே சொந்த அரங்கம் கட்டும் திட்டத்தை 2023 மே 16 அன்று ஊர் மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில், அரங்கம் நிறைந்த நிலையில் கடைசி ஆட்டத்தில் எட்மன்டன் அணியை 5-2 என வென்றுவிட்டு, 120 கோடி டாலர் மதிப்பிலான ஏற்பாட்டின் கீழ் வீரர்கள் சால்ட் லேக் சிட்டிக்குப் போனார்கள். இப்போது அது யூட்டா மாமத் அணி.

கூட்டம் இல்லாத ஆண்டுகளிலெல்லாம் நீடித்த அணி, டிக்கெட்டுகள் தீர்ந்துகொண்டிருந்தபோது வெளியேறியது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சால்ட் லேக் சிட்டியில் அது குடியேறிய அரங்கமும் கூடைப்பந்துக்காகக் கட்டப்பட்டதுதான். அங்கும் கோல் வலை சரியாகத் தெரியாத இருக்கைகள் இருந்தன. வேறுபாடு என்னவென்றால், அங்கே உரிமையாளர் ரயன் ஸ்மித்துக்கு அதே அரங்கமும் அதே ஊரின் கூடைப்பந்து அணியும் சொந்தம். அரங்கத்தைத் திருத்தி அமைப்பதற்காக விற்பனை வரியை அரை சதவீதம் உயர்த்த நகர மன்றமும் 2024-இல் ஒப்புக்கொண்டது.

கனடியப் பக்கத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த நாட்டில் அணி தானாகவே பிழைத்துவிடும் என்ற எண்ணம் கேள்வியில் மறைந்திருக்கிறது. கியூபெக் நகரின் நார்டீக்ஸ் அணிக்கு ரசிகர் பஞ்சம் இருந்ததே இல்லை. ஆனால் வருமானம் கனடிய டாலரில் வந்தது, வீரர்களின் சம்பளம் அமெரிக்க டாலரில் போனது. ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் தரலாம் என்ற சம்பள உச்சவரம்பும் அன்று கிடையாது. பழைய அரங்கத்துக்குப் பதிலாகப் புதியது கட்ட அரசு உதவவில்லை. 1995-இல் அணி டென்வருக்கு விற்கப்பட்டது. அங்கே ஆடிய முதல் சீசனிலேயே லீகின் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. கியூபெக் மக்கள் அந்த 1996 கோடையை இன்றும் மன்னிக்கவில்லை என்று அங்குள்ள நண்பர்கள் சொல்வார்கள். பின்னாளில் பொதுப்பணத்தில் புதிய அரங்கம் கட்டி 2015-இல் திறந்தார்கள். பதினெட்டாயிரம் பேர் அமரக்கூடிய அது, என்.எச்.எல். அணி இல்லாமலேயே இன்றும் இருக்கிறது. அதே ஆண்டு புதிய அணிக்கு விண்ணப்பித்த இரண்டு நகரங்களில் லாஸ் வேகஸுக்கு 50 கோடி டாலர் கட்டணத்தில் அணி கிடைத்தது. கியூபெக்கின் விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டது.

அட்லாண்டாவில் குற்றவாளி இன்னும் வெளிப்படை. 1999-இல் தொடங்கிய த்ராஷர்ஸ் அணியை 2004-இல் கூடைப்பந்து அணியோடும் அரங்கத்தோடும் சேர்த்து ஒரு கூட்டு நிறுவனம் வாங்கியது. கூட்டாளிகள் தங்களுக்குள் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். அவர்களுக்குக் கூடைப்பந்தும் அரங்கமும் வேண்டும், ஹாக்கி வேண்டாம். பன்னிரண்டு ஆண்டு வரலாற்றில் ஒரே ஒருமுறை, 2007-இல், அணி லீக் ஆட்டங்களுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குப் போய் ஓர் ஆட்டத்திலும் வெல்லாமல் திரும்பியது. இப்படிப்பட்ட அணிக்குக் கூட்டம் வரவில்லை என்று ஊரைக் குறைசொல்வது, உப்பில்லாமல் சமைத்துவிட்டு விருந்தாளியின் நாக்கைப் பழிப்பதற்கு ஒப்பானது. 2011-இல் அணியை 17 கோடி டாலருக்கு வின்னிபெக்குக் கொடுத்தார்கள். அதில் 6 கோடி லீகுக்குப் போன இடமாற்றக் கட்டணம். அந்த நேரத்தில் கனடிய டாலர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது, 2005-க்குப் பிறகு சம்பள உச்சவரம்பும் வந்திருந்தது. வின்னிபெக் 1996-இல் இழந்ததைத் திரும்பப் பெற்றதற்கு ரசிகர்களின் பாசத்தோடு இந்த இரண்டும் சேர்ந்தே காரணம்.

காலி இருக்கைகளை மிரட்டலாகப் பயன்படுத்தும் கலையும் இருக்கிறது. பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ் அணி 2007-இல் கன்சாஸ் சிட்டிக்குப் போகப்போவதாகப் பேச்சு எழுந்து, அதே ஆண்டு மார்ச்சில் புதிய அரங்கத்துக்கான உடன்பாடு கையெழுத்தானது. அந்த ஊருக்குப் போய்வந்ததெல்லாம் நகரத்துக்கும் மாநிலத்துக்கும் அழுத்தம் கொடுப்பதற்காகவே என்று உரிமையாளர் மரியோ லெமியூ பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு நாஷ்வில்லில் வேறு கதை. கட்டணம் செலுத்திய பார்வையாளர்களின் சராசரி 14,000-க்குக் கீழே போனால் குத்தகையிலிருந்து விலகலாம் என்று அங்கே ஒரு விதி இருந்தது. அங்கும் பால்சிலி வந்தார். ஹாமில்டனில் சீசன் டிக்கெட்டுக்கு முன்பணமும் வாங்கத் தொடங்கினார். அந்தப் பேரம் முறிந்து, உள்ளூர்த் தொழிலதிபர்கள் சேர்ந்து 19.3 கோடி டாலருக்கு அணியை வாங்கினார்கள். பத்தாண்டுகள் கழித்து, 2017 இறுதிப்போட்டியின்போது அரங்கத்துக்கு வெளியே நாஷ்வில் தெருக்கள் முழுவதும் மஞ்சள் சட்டைகளாக இருந்தன.

ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணியின் அரங்கம் மயாமி நகரிலிருந்து வெகு தொலைவில், சதுப்புநிலக் காட்டை ஒட்டிய சன்ரைஸில் இருக்கிறது. பல ஆண்டுகள் லீகில் மிகக் குறைந்த வருகை கண்ட அரங்குகளில் அதுவும் ஒன்று. வின்சென்ட் வயோலா 2013-இல் அணியை வாங்கினார்; 2015-இல் ப்ரோவர்ட் மாவட்ட நிர்வாகம் 8.6 கோடி டாலர் உதவிக்கு ஒப்புக்கொண்டது. 2024-இலும் 2025-இலும் கோப்பை அங்கே போனது, அரங்கமும் நிறைந்தது. வரி செலுத்துபவர்களின் பணத்தை ஒரு செல்வந்தரின் அணிக்குக் கொடுத்தது சரிதானா என்ற கேள்வி கோப்பைகளால் தீர்ந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் அணியை நிறுத்தி வைத்ததில் அந்தப் பணத்துக்குப் பங்குண்டு. கரோலினா ஹரிகேன்ஸும் ஏறத்தாழ இதே பாதையில் வந்த அணி: ஹார்ட்ஃபர்டிலிருந்து 1997-இல் பெயர்ந்து, ராலேயில் அரங்கம் தயாராகும்வரை கிரீன்ஸ்பரோவில் ஆளில்லாத இருக்கைகளுக்கு முன் ஆடியது, 2006-இல் கோப்பை வென்றது, 2009-க்குப் பிறகு ஒன்பது சீசன்கள் பிளேஆஃப் இல்லாமல் மறுபடி காலியாகியது, 2018-இல் டாம் டண்டன் வாங்கிய பின் நிமிர்ந்தது.

இவற்றுக்கு எதிர்ப்புறம், ஹாக்கி வெறி பிடித்த வின்னிபெக்கிலேயே அண்மையில் கூட்டம் குறைந்தது. திரும்பி வந்த ஆண்டில் 13,000 சீசன் டிக்கெட்டுகள் பரபரப்பாக விற்ற ஊரில், 2024 தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 9,500 ஆகியிருந்தது. நீண்டகாலத்துக்கு இது தாங்காது என்று உரிமையாளர்களில் ஒருவரான மார்க் சிப்மன் கூறினார். ஆணையரும் நேரில் வந்து பார்த்தார். இத்தனைக்கும் அணி நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த சீசனில் லீகிலேயே அதிகப் புள்ளிகளும் எடுத்தது. லீகின் சிறிய அரங்குகளில் ஒன்று, பெரிய நிறுவனங்கள் குறைவான ஊர், கூடிக்கொண்டே போகும் டிக்கெட் விலை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் கனடிய நகரமும் தடுமாறும்.

அடுத்து எந்த அணி ஊர் மாறும் என்று யாராவது கேட்டால் நான் வருகைப் பட்டியலைத் திறக்க மாட்டேன். அரங்கக் குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, அரங்கம் யார் கையில் இருக்கிறது, உரிமையாளருக்கு அந்த ஊரில் வேறு தொழிலோ நிலமோ இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பேன். அந்தக் கணக்கில் வின்னிபெக் இப்போதைக்குப் போகாது என்பதே என் கணிப்பு: கனடாவின் மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவரான டேவிட் தாம்சன் அதன் இணை உரிமையாளர், அரங்கமும் அவர்களுடையதே, அதைச் சுற்றி நகர மையத்தில் அவர்கள் முதலீடும் செய்திருக்கிறார்கள்.