ஸ்கேன் செய்வதற்கு முன் பட்டியலைத் திருத்துங்கள்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில், அறிஞர்களின் குடும்பத்தார் அன்பளிப்பாகத் தந்த கடிதங்களும் குறிப்பேடுகளும் 140 பெட்டிகளில் உள்ளன. பட்டியலில் பெரும்பாலும் ‘கடிதங்கள், 1 கட்டு’ என்று மட்டுமே இருப்பதால், எங்களிடம் என்ன உள்ளது என்பதே ஆய்வாளர்களுக்குத் தெரிவதில்லை. கைவசமுள்ள சிறு நிதியைக் கொண்டு அனைத்தையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிடலாமா?

பதில்: ஏற்றலாம், ஆனால் அது முதல் வேலையன்று. அச்சு நூல்களை ஓரளவு நன்றாகவே படித்துவிடும் எழுத்துணரி மென்பொருள்கள் பழைய தமிழ்க் கையெழுத்தின் முன் தடுமாறுகின்றன. ஆகவே தேடுபவர் கண்ணில் படப்போவது கடிதத்தின் வாசகமன்று, நீங்கள் அதைப் பற்றி எழுதி வைக்கும் விவரம்தான். அந்த விவரம் ‘கடிதங்கள், 1 கட்டு’ என்றே இருக்குமானால், பத்தாயிரம் படங்களை ஏற்றிய பின்னும் உங்கள் தொகுப்பு யாருக்கும் அகப்படாது. நிதியின் பெரும்பகுதியைப் பட்டியலுக்கே ஒதுக்குங்கள்.

அதற்காக ஒவ்வொரு தாளையும் பட்டியலிடத் தொடங்கிவிடாதீர்கள். அப்படித் தொடங்கிய நல்ல முயற்சிகள் சில பெட்டிகளோடு நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். பன்னாட்டு ஆவணக் காப்பக மன்றத்தின் ‘ஐஎஸ்ஏடி-ஜி’ (ISAD(G)) விவரணைத் தரம் முழுத் தொகுப்பில் தொடங்கி, வரிசை, கோப்பு, தனி ஆவணம் என்று படிப்படியாக இறங்கச் சொல்கிறது. அதிலுள்ள 26 கூறுகளில் குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, விவரணை நிலை ஆகிய 6 மட்டுமே இன்றியமையாதவை. 140 பெட்டிகளுக்கும் முதலில் இந்த ஆறையும் எழுதி முடித்துவிட்டு, ஆய்வாளர்கள் அதிகம் நாடும் தொகுப்புகளில் மட்டும் கோப்பு நிலைக்கு இறங்குங்கள்.

தலைப்பில்தான் உழைப்பு வேண்டும். ‘கடிதங்கள், 1 கட்டு’ என்பதை ‘விடுதிக் கட்டணத்தைக் குறைக்கக் கோரி மாணவர்கள் கல்லூரி முதல்வருக்கு எழுதிய கடிதங்கள், 1948–1952, 37 கடிதங்கள்’ என்று மாற்றிப் பாருங்கள். கட்டைப் பிரித்துப் பத்து நிமிடம் புரட்டினாலே இவ்வளவும் எழுதிவிடலாம். கல்வி வரலாறு, மாணவர் இயக்கம், விடுதி வாழ்க்கை என எதை ஆராய்பவரும் அந்தக் கட்டை வந்தடைவார்.

தமிழ் ஆவணங்களில் காலம் தனிக் கவனம் கேட்கும். கடிதத் தலைப்பில் ‘சித்திரபானு, ஆவணி 12’ என்று மட்டும் இருந்தால், அறுபதாண்டுச் சுழற்சியில் அது 1882ஆகவும் இருக்கலாம், 1942ஆகவும் இருக்கலாம். தாள், அஞ்சல் முத்திரை, குறிப்பிடப்படும் நிகழ்ச்சி ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்து, ஆங்கில ஆண்டைச் சதுர அடைப்பில் இட்டு, மூலத்தில் உள்ளதையும் அப்படியே பதியுங்கள். பெயர்களுக்கும் இதே முறைதான்: மதராஸ், சென்னப் பட்டணம், சென்னை என்று ஆவணங்களில் எப்படி வந்தாலும், ஒன்றைத் தலைமை வடிவமாக வைத்து, மற்றவற்றையும் ஆங்கில எழுத்து வடிவங்களையும் அதனோடு இணைத்துவிடுங்கள்.

பழைய பட்டியலைப் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் அதை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றாமல் ஏற்றாதீர்கள். மாற்றிய பின்னும் ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பது அவசியம். ‘ஔவை’ என்பதை ‘ஒ’, ‘ள’ என இரண்டு எழுத்துகளாகத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, தேடுபொறிக்கோ அது வேறொரு சொல்.

வெளியிடுவதற்கு ‘ஆட்டம்’ (AtoM) என்னும் கட்டற்ற மென்பொருள் போதும். அது மேற்சொன்ன தரத்தை ஒட்டியே உருவானது, பல மொழிகளிலும் இயங்கும். அதை நிறுவும் வரை பட்டியலைச் சாதாரண வலைப்பக்கமாகவே வெளியிடலாம். ஸ்கேன் செய்த படமாக மட்டும் இட வேண்டாம்.

படங்களை ஏற்றுமுன் உரிமையைக் கவனியுங்கள். கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தமானாலும், அதன் பதிப்புரிமை எழுதியவருக்கே உரியது என்பதால், அன்பளிப்பளித்த குடும்பத்தின் அனுமதி மட்டும் போதாது. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியான எழுத்துக்கு அவ்வுரிமை அவர் மறைந்த பின் 60 ஆண்டுகள் நீடிக்கும்; அவர் மறைந்த பிறகே முதன்முறை வெளியாகும் எழுத்துக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். நோய், கடன், குடும்பப் பிணக்கு பற்றிய கடிதங்களுக்கு, உரிமை தடையில்லாவிட்டாலும், விவரத்தை மட்டும் இணையத்தில் வைத்துவிட்டு மூலத்தை வாசிப்பறையில் காட்டுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு, எந்தக் கோப்பைப் பலர் கேட்கிறார்கள், எந்தத் தாள் தொட்டால் நொறுங்குகிறது என்று பார்த்து, அவற்றிலிருந்து ஸ்கேனைத் தொடங்குங்கள்.