‘புட் ஆஃப்’ என்றால் என்ன? எங்கெல்லாம் வரும்?

ஆங்கிலத்தில் ‘புட் ஆஃப்’ என்றால் ஒரு வேலையைத் தள்ளிப் போடுவது. ‘புட்’ என்றால் வை, ‘ஆஃப்’ என்றால் அப்பால். இன்றைக்கு இருந்ததை எடுத்து அப்பால் வைக்கிறோம், அவ்வளவுதான். நம் ‘தள்ளிப் போடு’வும் அப்படித்தானே? அதில் யாரும் எதையும் கையால் தள்ளுவதில்லை.

இன்னொரு பொருளும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: மனம் விலகிப் போவது. சுடச்சுட சாம்பார் சாதம், தட்டின் ஓரத்தில் ஒரு முடி. பசி இருந்தும் கை பின்வாங்குகிறதே, அதைத்தான் ‘தட் ஹேர் புட் மி ஆஃப்’ என்பார்கள். முதல் பொருளில் அப்பால் போனது வேலை; இதில் அப்பால் போனது நாம்.

‘இட்’, ‘மி’ போன்ற சிறு சொற்கள் நடுவில்தான் உட்காரும்: ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தவறு. அப்புறம், பின்னால் ஒரு செயல் வந்தால் ‘டு கோ’ அல்ல, ‘கோயிங்’: ‘ஐ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்’.

‘த மீட்டிங் வாஸ் புட் ஆஃப்’ என்றதும் கூட்டம் ரத்து என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்; ரத்துக்குச் சொல் ‘கால் ஆஃப்’, இங்கே கூட்டம் வேறொரு நாளுக்குப் போயிருக்கிறது.