இரைப்பையைக் குறைத்தால் எடை திரும்பி வராதா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 140 கிலோ. 6 வருடமாகச் சர்க்கரை நோய் வேறு. டயட், நடை எல்லாம் பார்த்தாகிவிட்டது, குறைகிற எடை வட்டியோடு திரும்பி வருகிறது. டாக்டர் பேரியாட்ரிக் சர்ஜரி (எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன்) செய்யலாம் என்கிறார். ஆனால் அதைச் செய்துகொண்ட எங்கள் உறவினர் ஒருவர் மறுபடி குண்டாகிவிட்டார். நம்பிச் செய்யலாமா? 70 கிலோவுக்கு வருவானா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 70க்கு அநேகமாக வரமாட்டார். இந்த ஆபரேஷனில் பைபாஸோ (இரைப்பையைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு இணைப்பது) ஸ்லீவோ (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), எதுவானாலும் மொத்த எடையில் கால்வாசியிலிருந்து 30 சதவீதம் வரை குறைவதுதான் வழக்கம், அதாவது உங்கள் தம்பி 100 கிலோவை ஒட்டி வந்து நிற்கலாம். 'அவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் லாபம் தராசில் தெரிவதைவிட அதிகம்.

ஸ்வீடனில் 1987இல் தொடங்கி உடல் பருமன் உள்ள 4,000க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள், பாதிப்பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். செய்துகொள்ளாதவர்களைவிட அவர்கள் சராசரியாக 3 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். சர்க்கரை விஷயத்திலும் அப்படித்தான். அமெரிக்காவில் 150 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், 5 ஆண்டு கழித்து எச்.பி.ஏ.1.சி. (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6 சதவீதத்துக்குள் இருந்தவர்கள் பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம், ஸ்லீவ் செய்தவர்களில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. நோய் வந்து ரொம்ப நாள் ஆகாதவர்களுக்குப் பலன் கூடுதல், ஆகவே தம்பி வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

சரி, அந்த உறவினர்? அவரைக் குறை சொல்லாதீர்கள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி எடுப்பதால், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனும் குறைந்துபோகிறது. முதல் ஒன்றிரண்டு வருடம் பசியே தெரியாமல் எடை கிடுகிடுவென இறங்கும், அப்புறம் உடம்பு பழகிக்கொள்ளும், பசி எட்டிப்பார்க்கும், இறங்கியதில் கொஞ்சம் திரும்பும். ஏறக்குறைய எல்லோருக்கும் நடப்பதுதான் இது. நிறையவே ஏறினால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் திரும்பப் போகவேண்டும், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காரக்கூடாது.

உயிருக்கு ஆபத்து? பழகிய கைகளில் 1,000 பேரில் ஓரிருவருக்கு, பித்தப்பை ஆபரேஷன் அளவுக்குத்தான். தையல் போட்ட இடத்தில் கசிவு, ரத்த உறைவு, இதெல்லாம் அபூர்வமாக வரும். நாளடைவில் தொல்லை தருவது வேறு: வேகமாக எடை குறைவதால் பித்தக்கல், ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல், பி12, இரும்பு, கால்சியம் பற்றாக்குறை. சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, வருடாவருடம் ரத்தப் பரிசோதனையும் உண்டு. சர்க்கரை மாத்திரையை நிறுத்த ஆபரேஷன் செய்துகொண்டு வைட்டமின் மாத்திரையைக் கையில் பிடிப்பது வேடிக்கைதான், ஆனால் அதை விட்டவர்கள்தான் ரத்தசோகையோடும் நரம்புத் தளர்ச்சியோடும் திரும்ப வருகிறார்கள்.

இன்னொன்று, தம்பிக்குக் குடிப்பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்கவேண்டாம். பைபாஸுக்குப் பிறகு அதே ஒரு கிளாஸ் சட்டென்று தலைக்கேறும். அளவாகக் குடித்தவர்கள்கூட இரண்டு மூன்று வருடத்தில் அடிமையாகிப்போனது உண்டு.