அறப்பணி நிதிக்காக நடத்தும் டிரெயில் ரேஸ்களால் பிரிட்டனில் மலை ஓட்டம் கெட்டுப்போகிறதா?

கேள்வியைப் பார்த்ததுமே உங்கள் நிலைமை ஓரளவு புரிகிறது. ஆபீஸில் ஒரு மெயில் வந்திருக்கும், குழந்தைகள் மருத்துவமனைக்கோ புற்றுநோய் ஆராய்ச்சிக்கோ நிதி திரட்ட மலையில் ஓட்டம், டி-ஷர்ட் உண்டு, மெடல் உண்டு என்று. நீங்களும் சரி என்று பெயர் கொடுத்திருப்பீர்கள். அப்புறம் முழங்காலெல்லாம் சேறாக நிற்கும் பழைய மலை ஓட்டக்காரர் யாராவது "உங்களை மாதிரி ஆட்களால்தான் எல்லாம் நாசமாகிறது" என்கிற மாதிரி முகத்தைச் சுளித்திருப்பார். அந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் சொல்வதில் பாதி வீம்பு. மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதில்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "நீ யார் சொல்வதற்கு" என்று கமென்ட் வரும். சொந்த ஊர் தேனிப் பக்கம், இப்போது இருப்பது எடின்பரோ. இங்கே ஊர் முடிகிற இடத்தில் பென்ட்லண்ட் மலைகள் தொடங்கிவிடும், சிட்டி பஸ்ஸிலேயே அடிவாரத்துக்குப் போய்விடலாம். ஓடுவேன், ஓடாத நாட்களில் மார்ஷலாக, அதாவது வழியில் நின்று ஓட்டக்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் தன்னார்வலராக நிற்பேன். நான் முதன்முதலில் மலையில் ஓடியதே ஒரு சிறுநீரக நோயாளிகள் அமைப்புக்கு நிதி திரட்டத்தான். அப்பா டயாலிசிஸில் இருந்த காலம் அது. அதனால் நான் தொண்டுக்கு எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

இங்கே ஹில் ரன்னிங் என்றால் என்ன என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெயரைக் கேட்டு ஊட்டி ரோட்டில் மேட்டில் ஓடுவது மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்காட்லாந்தில் இது பழைய விஷயம். பென் நெவிஸ் மலையில் 1895-இலேயே கடிகாரம் வைத்து ஏறி இறங்கியிருக்கிறார்கள், வில்லியம் ஸ்வான் என்பவர் 2 மணி 41 நிமிடத்தில். எங்கள் பக்கத்தில் கார்னெத்தி 5 என்று ஒரு ரேஸ், 1971-இலிருந்து நடக்கிறது, 1303-இல் நடந்த ராஸ்லின் போரின் நினைவாக, பிப்ரவரிக் குளிரில். தூரம் என்னவோ 6 மைல்தான், ஆனால் அதற்குள் ஐந்து உச்சிகள், சுமார் 2500 அடி ஏற்றம். பல மலை ஓட்டங்களில் வழிக்கு அம்புக்குறி, ரிப்பன் எதுவும் இருக்காது. இந்த உச்சியைத் தொடு, அடுத்து அந்த உச்சியைத் தொடு, நடுவில் ஹெதர் புதரில் போவாயோ சதுப்பில் போவாயோ உன் பாடு. மேகம் இறங்கிவிட்டால் மேப்பும் காம்பஸும்தான். சின்ன ரேஸ் என்றால் கட்டணம் பத்து பவுண்டை ஒட்டி இருக்கும், முடிந்ததும் ஊர் ஹாலில் சூப்பும் கேக்கும். மெடல் எல்லாம் எதிர்பார்க்கக் கூடாது.

தொண்டு நிறுவனங்களின் டிரெயில் ரேஸ், அதாவது மண்பாதை ஓட்டம், வேறு ரகம். வழி முழுக்கக் குறிகள், தண்ணீர், வாழைப்பழம், போட்டோ, முடிக்கிற இடத்தில் மைக். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பழைய ஆட்கள் வழக்கமாக வைக்கும் குற்றச்சாட்டுகள் மண் அரிப்பு, கூட்டம், கட்டணம். மண் அரிப்பைப் பொறுத்தவரை நாங்களும் யோக்கியர்கள் இல்லை. பெரிய தொண்டு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் அகலமான பாதையில்தான் போகின்றன, செங்குத்துச் சரிவில் பாதையே இல்லாத இடத்தில் விழுந்தடித்து இறங்குவது நாங்கள்தான். கூட்டம் பற்றிய புகாரில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் மிக உயரமான மலைகளான பென் நெவிஸ், ஸ்கஃபெல் பைக், ஸ்நோடன் மூன்றையும் 24 மணி நேரத்தில் ஏறும் த்ரீ பீக்ஸ் சேலஞ்ச் என்பது ரேஸ் இல்லைதான், ஆனால் தொண்டுக் குழுக்கள் அதிகம் செய்வது அதைத்தான். சாயங்காலம் பென் நெவிஸில் தொடங்கினால் ஸ்கஃபெல் அடிவாரத்தில் இருக்கும் வாஸ்டேல் ஹெட்டுக்கு வேன் நடுராத்திரி தாண்டித்தான் வந்து சேரும். கையளவு வீடுகள் இருக்கும் ஊர் அது. கோடைக்காலத்தில் வாரக்கடைசி ஆனால் கதவு அடிக்கும் சத்தமும் குப்பையும். அங்கே குடியிருப்பவர்கள் திட்டாமல் என்ன செய்வார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது இவை எதுவும் இல்லை. மலையில் ஓடுகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது எங்கே திரும்புவது என்பது. கால் நன்றாக இருக்கும்போதே, வானம் சரியில்லை, போதும் என்று இறங்கி வந்துவிட வேண்டும், வந்து ஃபினிஷில் தலையைக் காட்டி "நான் நின்றுவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். தொண்டுக்காக ஓடுபவரால் அது முடிவதில்லை. அவருக்கு அது நேர்த்திக்கடன் மாதிரி. பழனிக்கு நடப்பதாக வேண்டிக்கொண்டவர் ஒட்டன்சத்திரத்தில் கால் கொப்புளித்துவிட்டது என்று பஸ் ஏறுவாரா? ஐம்பது பேர் பணம் போட்டிருக்கிறார்கள், மேனேஜர் போட்டிருக்கிறார், சித்தி ஊரிலிருந்து போட்டிருக்கிறார், பாதியில் திரும்பினால் என்ன சொல்வது? சமதளத்தில் இந்த அழுத்தத்தால் வருவது கால் வலி மட்டும்தான். பிப்ரவரியில் மலை உச்சியில் அப்படி இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சின்ன கிளப் ரேஸ், எந்த மலை என்று சொல்லவில்லை, சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். காலையில் கிட் செக் மேஜையில், அதாவது ஓட்டக்காரர்கள் கொண்டுவரும் சாமான்களைச் சரிபார்க்கும் இடத்தில் நான். உச்சியில் பலத்த காற்று, பனி கலந்த மழை என்று வானிலை அறிக்கை. அதனால் முழு கிட் கட்டாயம்: ஹூட் உள்ள, தையலில் டேப் ஒட்டிய வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட், அதே மாதிரி பேன்ட், தொப்பி, கையுறை, மேப், காம்பஸ், விசில், கொஞ்சம் சாப்பாடு. வரிசையில் ஒருவர் வந்தார், நாற்பது வயது இருக்கும், புத்தம் புது ஷூ, நெஞ்சில் ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர் போட்ட டி-ஷர்ட். கையில் இருந்தது சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் மெல்லிய காற்றுச்சட்டை. ஹூட் இல்லை, டேப் இல்லை. இது செல்லாது என்றேன். போன மாதம் இதைப் போட்டுக்கொண்டுதான் 30 கிலோமீட்டர் டிரெயில் ஓடினேன், ஒருவரும் கேட்கவில்லை என்றார். இருக்கலாம், இங்கே கேட்போம் என்றேன். அப்போது அவர் சொன்னது: நான் 900 பவுண்ட் திரட்டியிருக்கிறேன், ஒரு ஜாக்கெட்டுக்காக என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பணம் போட்டவர்களிடம் போய்ச் சொல்லவா?

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து சட்டையில் குத்திக்கொள்ளும் பிப் நம்பர் கொடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாவைப் பார்த்தார். மேஜையில் ஒரு இந்தியன் உட்கார்ந்திருந்தால் முடிவெடுக்கிற ஆள் வேறு யாரோ என்கிற அந்தப் பார்வை, இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே "அவர்தான் சொல்லிவிட்டாரே" என்றார். அறுபது தாண்டியவர், அந்த மலைகளில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓடுபவர். அப்புறம் மனசு கேட்காமல் அவரே எழுந்து போய்த் தன் கார் டிக்கியில் கிடந்த பழைய ஜாக்கெட்டையும் பேன்ட்டையும் எடுத்து வந்து கொடுத்தார். ஆள் ஓடினார்.

இரண்டாவது உச்சியில் இருந்த மார்ஷல் பிறகு சொன்னார். அந்த ஆளுக்கு நடுக்கத்தில் கையால் எனர்ஜி ஜெல் பாக்கெட்டைப் பிரிக்க முடியவில்லையாம், இங்கேயே இறங்கிவிடுங்கள், கீழே வண்டி நிற்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லையாம், ஸ்பான்சர் ஸ்பான்சர் என்று அதையே சொன்னாராம். கடைசியில் எல்லோருக்கும் பின்னால் வரும் ஸ்வீப்பர் அவர் கூடவே நடந்து கூட்டி வந்தார். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்திருப்பார்கள், நாங்கள் சில பேர் குளிரில் ஃபினிஷில் நின்றுகொண்டிருந்தோம், ஒரு ஆள் கணக்கில் குறையும்போது யாரும் கிளம்ப முடியாது இல்லையா. வந்தார், போட்டோ எடுத்துக்கொண்டார், ஜாக்கெட்டைச் சொட்டச்சொட்ட அந்த அம்மாவின் கார் பானெட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார், ஒரு வார்த்தை இல்லை. ராத்திரி அவருடைய நிதி திரட்டும் பக்கத்தைப் பார்த்தேன். "அமைப்பாளர்கள் தடுக்கப் பார்த்தார்கள், நான் விடவில்லை" என்கிற பாணியில் ஒரு பதிவு. கீழே பாராட்டு, மேலும் நன்கொடை. அந்தப் பணம் நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஒரு ஜாக்கெட்டுக்கு இவ்வளவு அலட்டலா" என்று கேட்பவர்களுக்கு: 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று வானிலை மாறி 21 பேர் இறந்தார்கள். அவர்களில் நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களும் உண்டு. அந்த ரேஸில் காற்றுத் தடுப்பு ஜாக்கெட் கட்டாயமாக இருக்கவில்லை. இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டிலும் 2012-இல் ஒரு மலை ஓட்டத்தில் ஒருவர் இறந்தார். மலை ஏறிய எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று எண்ணுவதில் இங்கே இவ்வளவு கறாராக இருப்பது சும்மா இல்லை. யாராவது காணாமல் போனால் தேடிப் போகும் மலை மீட்புக் குழுவினரில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள், வேலையையோ சாப்பாட்டையோ பாதியில் விட்டுவிட்டு வருபவர்கள். அந்தக் குழுக்களே நன்கொடையில்தான் இயங்குகின்றன. எங்களைப் போன்ற பல சின்ன ரேஸ்களில் மிச்சமாகும் பணம் அவர்களுக்குத்தான் போகிறது. டி-ஷர்ட்டில் அச்சடித்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

அதனால் தொண்டு என்பது மலை ஓட்டத்துக்கு அந்நியம் என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒப்பில்லை. லேக் டிஸ்ட்ரிக்டின் ஆட்டுப்பண்ணைக்காரர் ஜாஸ் நேய்லர், 2024-இல் காலமானார், 70 வயதில் 70 உச்சிகளை ஒரே மூச்சில் ஓடியவர். அவர் பெயரில் 50 வயது தாண்டியவர்களுக்கு 48 மைல், 30 உச்சிகள் கொண்ட ஒரு சவால் இருக்கிறது. அதை எடுப்பவர்களிடம் ஏதாவது ஒரு தொண்டுக்கு நிதி திரட்டும்படி அவர் கேட்டுக்கொள்வார். ஹாங்காங்கில் கதையே தலைகீழ். 100 கிலோமீட்டர் மக்லஹோஸ் பாதையில் 1981-இல் கூர்க்கா படையினரின் பயிற்சியாகத் தொடங்கியது டிரெயில்வாக்கர், 1986-இல் பொதுமக்களும் சேர்ந்தார்கள், ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்துக்கு நிதி. நாலு பேர் கொண்ட குழு, 48 மணி நேரம், நாலு பேரும் சேர்ந்தே முடிப்பதுதான் இலக்கு. அந்த ஊரில் மலையில் ஓடும் பழக்கம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கூட நடப்பவன் தளர்ந்தால் நீயும் நிற்க வேண்டும் என்கிற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொரு வயிற்றெரிச்சல், கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். தன்னார்வலர் என்றால் யாரோ எங்கிருந்தோ முளைத்து வருவார்கள் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நாங்கள் இருக்கும் பக்கத்தில் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா நடக்கும். இருநூறு பேர் சாப்பிடுவார்கள், நாற்காலி அடுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் வருஷா வருஷம் அதே நாலு குடும்பம். போன தடவை பொன்னாடை போர்த்திக்கொண்டவர் சாம்பாரில் உப்பு கம்மி என்று எங்களிடமே வந்து சொன்னார். மலையில் நாலு மணி நேரம் செக்பாயின்ட்டில் நின்றுவிட்டு வரும்போது "சூப் தீர்ந்துபோச்சா?" என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தச் சாம்பார்தான் ஞாபகம் வரும். சரி, விடுங்கள்.

நீங்கள் பெயர் கொடுத்த ஓட்டத்துக்குப் போங்கள், யார் சொன்னாலும் விட வேண்டாம். ஆனால் போவதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இடத்துக்கான செலவு நீங்கள் கட்டும் கட்டணத்திலிருந்து போகிறதா, இல்லை நீங்கள் திரட்டும் நிதியிலிருந்தா? இரண்டாவது முறையும் பரவலாக உண்டு, சித்தி போட்ட பணத்தில் ஒரு பகுதி உங்கள் மெடலுக்கும் வாழைப்பழத்துக்கும் போகலாம், அதைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது. என்னைக் கேட்டால் கட்டணத்தை நீங்களே கட்டிவிட்டு, திரட்டுவது முழுவதையும் அமைப்புக்கே அனுப்புங்கள். இங்கே வருமான வரி கட்டுபவர் கிஃப்ட் எய்டில் டிக் செய்தால் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும், நிறையப் பேர் அந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. இன்னொன்று, நிதி கேட்டு எழுதும்போதே "வானிலை சரியில்லை என்றால் பாதியில் திரும்பிவிடுவேன், பணம் எப்படியும் போய்ச் சேரும்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பணம் போடுபவர்கள் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எந்த மலை, எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. ஜூன் மாதம் என்றால் இதில் பாதியை மறந்துவிடலாம். நவம்பருக்கு மேல் என்றால் கமென்டில் சொல்லுங்கள், ஜாக்கெட் எது வாங்கலாம் என்று பார்ப்போம்.