120 ஜிபி வட்டு கொடுத்தும் டிஎஃப் 58 ஜிபி மட்டும் காட்டுவது ஏன்?

உங்கள் வட்டில் எதுவும் தொலையவில்லை. 120 ஜிபி ஒதுக்கிய மெய்நிகர் இயந்திரத்தில் உபுண்டு சர்வரை நிறுவியதாகவும், வட்டில் உள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை 58 ஜிபி மட்டுமே காட்டுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். உபுண்டுவின் நிறுவி, வட்டு இடத்தை நெகிழ்வாகப் பங்கிடும் எல்விஎம் முறையில் தானே வட்டைப் பிரிக்கும்போது, வால்யூம் குரூப் எனப்படும் மொத்த இடத்தொகுப்பின் அளவு 20 ஜிபிக்கும் 200 ஜிபிக்கும் இடைப்பட்டதாக இருந்தால், பாதியை மட்டும் இயங்குதளம் குடியிருக்கும் ரூட் பகுதிக்குக் கொடுத்துவிட்டு மீதியை யாருக்கும் ஒதுக்காமல் விட்டுவிடுகிறது.

சென்னையில் மனை பார்த்து அலைந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் பிடிபடும். தனித்தனி சர்வே எண்களில் வாங்கிய நிலங்கள் பிசிக்கல் வால்யூம்கள் என்றால், அவற்றை ஒன்றாக்கிப் போட்ட லேஅவுட் வால்யூம் குரூப். அதிலிருந்து பிரித்துக் கொடுக்கும் மனை லாஜிக்கல் வால்யூம். மனையின்மேல் கட்டிய வீடு கோப்பு முறைமை. நாம் 2,400 சதுர அடியை ஒரு கிரவுண்டு என்று கணக்கிடுவதைப் போல, எல்விஎம் எக்ஸ்டென்ட் என்ற அலகில் கணக்கிடுகிறது. வேறு அளவு சொல்லாவிட்டால் அது 4 எம்பி. ஒரு லாஜிக்கல் வால்யூமின் எக்ஸ்டென்ட்கள் வெவ்வேறு வட்டுகளில் சிதறிக் கிடக்கலாம் என்பது மட்டும் நிஜ மனைக்கு வாய்க்காத வசதி. டிஎஃப் வீட்டுக்குள் நின்றுகொண்டு அறைகளை அளக்கிறது. லேஅவுட்டில் விலைபோகாத நிலத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதைக் காட்டுவது, வால்யூம் குரூப்களைப் பட்டியலிடும் விஜிஎஸ் கட்டளையின் விஃப்ரீ என்ற பத்தி. உங்கள் இயந்திரத்தில் அது ஏறத்தாழ 59 ஜிபி என்று நிற்கும்.

எண்கள் கச்சிதமாகப் பொருந்தாததற்கு வேறு காரணங்கள் உண்டு. 100 ஜிபி வட்டு ஒன்றை முழுதாகக் கொடுத்தால் 25,600 எக்ஸ்டென்ட்கள் கிடைக்க வேண்டும். ஆனால் தொடக்கத்தில் 1 எம்பி எல்விஎம்மின் சொந்தக் குறிப்புகளுக்குப் போவதால், எஞ்சும் 3 எம்பி ஒரு முழு எக்ஸ்டென்ட் ஆகாமல் கைவிடப்பட்டு, 25,599 மட்டுமே மிஞ்சுகின்றன. பிசிக்கல் வால்யூம்களைப் பட்டியலிடும் பிவிஎஸ் கட்டளையின் வெளியீட்டில் நூறுக்கு முன்னால் நிற்கும் 'அதைவிடக் குறைவு' என்ற குறி இதைத்தான் சொல்கிறது. பலர் அதைப் பிழை என்று நினைத்துக் கலங்குகிறார்கள். எல்விஎம்மில் சிற்றெழுத்து ஜி 1,024இன் அடுக்கையும் பேரெழுத்து ஜி 1,000இன் அடுக்கையும் குறிப்பதால், அதே 100 என்ற அளவு 107.37 என்றும் தோன்றக்கூடும். இவை போக, ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் எனப்படும் நிர்வாகப் பயனருக்கென்று தனியே வைத்துக்கொள்கிறது.

இடத்தைப் பெருக்க, லாஜிக்கல் வால்யூமை விரிக்கும் எல்விஎக்ஸ்டென்ட் கட்டளையோடு ஆர் விருப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மனை விரியும்போதே வீடும் விரியும், இயந்திரத்தை நிறுத்தத் தேவையில்லை. அந்த விருப்பத்தை மறந்தால், லாஜிக்கல் வால்யூம்களைப் பட்டியலிடும் எல்விஎஸ் கட்டளை புதிய அளவையும் டிஎஃப் பழைய அளவையும் காட்டி உங்களை மீண்டும் குழப்பும். மிச்சம் முழுவதையும் ஒரேயடியாகக் கொடுத்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் பின்னர் சுருக்கும் வழி இல்லை என்றே கொள்ள வேண்டும்; ஈஎக்ஸ்டி4இல்கூட ரூட் பகுதியைச் சுருக்க வேறொரு வட்டிலிருந்து துவக்கியாக வேண்டும்.

ஒரு பகுதியின் அந்த நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கும் விஃப்ரீயில் இடம் இருக்க வேண்டும். பெருங்குடி அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, ஒரு தரவுத்தளத்தை மேம்படுத்துவதற்கு முன் 5 ஜிபிக்கு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு நான் அதை மறந்துபோனேன். மூலப் பகுதியில் மாறும் ஒவ்வொரு துண்டின் பழைய வடிவமும் அந்த 5 ஜிபிக்குள் சேர்ந்துகொண்டே வந்தது. மூன்றாம் நாள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டியிருந்தபோது, எல்விஎஸ் வெளியீட்டின் டேட்டா சதவீதப் பத்தி 100இல் நின்றது. அப்படி நிரம்பிய ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். மூலத் தரவுக்குச் சேதமில்லை, ஆனால் நான் திரும்பிப் போவதற்கு வழியும் இல்லை. நீங்கள் ஸ்னாப்ஷாட் வைத்திருக்கும் நாட்களில் டிஎஃப்பைவிட அந்தப் பத்தியையே அடிக்கடி பாருங்கள்.